போட்ட செய்தி போய்ச் சேர்ந்ததா?

(மேற்பிரிவு சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூடிய லயக் குடும்பங்களின் கூட்டத்தில் தோட்ட சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை என்பது உங்களுக்கு உடுப்புக் கழுவவும், விறகு கொண்டு வரவும், பிள்ளைகளின் தலையைப் பார்க்கவும் கிடைக்கிற ஒரே நாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பின்வரிசையில் தம்பிமார் சிரிக்கிறார்கள். போன கூட்டத்திலும் இதையே சொல்லிவிட்டு ஒன்றரை மணித்தியாலம் பேசினேன் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது போலும்.

இன்று நான் பேச வந்தது, நம்முடைய பிரிவில் இருக்கிற ஆறு லயங்களுக்கும், 48 குடும்பங்களுக்கும் கைத்தொலைபேசியில் ஒரு செய்திப் பலகை வைப்பது பற்றியாகும். பிரட்டுக்களத்தில் நிற்கிறதே மரப்பலகை, அது மாதிரி போனுக்குள்ளே ஒரு பலகை. வட்ஸ்அப் குழு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். "அதுதான் ஏற்கனவே ஒன்று இருக்கிறதே ஐயா" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அது ஏன் உதவவில்லை, புதிதாக ஒன்றை எப்படி அமைப்பது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அதில் என்னுடைய பிழையும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

செய்தி என்பது தோட்டத்து மக்களுக்கு எப்போதுமே சுற்றி வளைத்துத்தான் வந்திருக்கிறது. விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டு எழும்பிப் பிரட்டுக்கு ஓடிய காலம் இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கேதம் சொல்ல ஒரு ஆள் மலை ஏறி இறங்கி அடுத்த தோட்டத்துக்கு நடந்தே போவார். மற்றதெல்லாம் கங்காணியின் வாய்ச் சொல், கொழுந்து மடுவத்துப் பேச்சு, பீலிக்கரைப் பேச்சு. பீலிக்கரையில் ஒரு செய்தி முதல் குடத்துக்கும் கடைசிக் குடத்துக்கும் இடையில் எத்தனை உருவம் எடுக்கும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடிதம் என்றால் அது இன்னொரு கதை. லயக் காம்பராவுக்கு என்று தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயருக்குத்தான் எல்லாக் கடிதமும் வரும். ஆபிஸில் இறங்கி, பிறகு யார் கையிலாவது கொடுத்து அனுப்பி, அது வருகிறபோது வரும். 1999 ஆம் ஆண்டு எனக்கு ஒரு வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. எந்தத் தோட்டம், எந்த ஆபிஸ் என்பது இப்போது முக்கியமில்லை. அந்தக் கடிதத்தைக் கொழுந்து மடுவத்தில் வைத்து என் அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் மேலே அரசாங்க முத்திரை இருந்ததைப் பார்த்து, மகனுக்கு வேலை வந்துவிட்டது என்று நினைத்து, கூடையைக்கூட இறக்காமல் சிரித்துக்கொண்டே வந்தார். நான் பிரித்துப் பார்த்தேன். பரீட்சை நாள் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. நான் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. "வேலை வேற ஆளுக்குக் கெடச்சிருச்சும்மா" என்று மட்டும் சொன்னேன்.

இதைச் சொல்லி யாரையும் குறை கூறுவது என் நோக்கமல்ல. கடிதத்தைக் கொடுத்தவர் கொடுத்துவிட்டார், அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. செய்தியை அனுப்புகிறவனுக்கு அனுப்பியவுடன் வேலை முடிந்து விடுகிறது. இந்த நோய் பிறகு எனக்கும் வந்தது. அதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

2022 ஆம் ஆண்டு நாம் ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். அப்போது எனக்குச் சரியான சந்தோஷம். யார் யார் இலக்கம் கிடைத்ததோ எல்லோரையும் சேர்த்தேன். கொழும்பில் கடையில் வேலை செய்கிற தம்பிமார், வெளிநாட்டுக்குப் போன தங்கைமார், பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரர் என்று 140 பேருக்கு மேலே வந்துவிட்டார்கள். காலையில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம். அதற்கு முப்பது பேர் பதில் வணக்கம். பிறகு சினிமாத் துண்டு. பிறகு யாரோ எங்கேயோ அனுப்பிய, "இதை பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீமை வரும்" என்கிற சாமிப் படம். ஒரு நாள் சீட்டுக் காசு விஷயமாக இரண்டு பேர் குரல் பதிவிலேயே சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையை எல்லோரும் ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டார்கள். அதே நாள் மத்தியானம் நான் போட்ட குழந்தை கிளினிக் திகதி மாறிய செய்தியை யாரும் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலையில் மூன்று தாய்மார், ஒருவர் கைக்குழந்தையோடு, மழையில் கீழே நடந்து போய், பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அரை நாள் பேர் போயிற்று. அதில் ஒரு தாய் என்னிடம் கோபிக்கவில்லை. "நீங்க போட்டிருப்பீங்க ஐயா, எங்க போன அவரு வேலைக்குக் கொண்டு போயிட்டாரு" என்றார். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதோடாவது நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை.

2023 ஆம் ஆண்டு ஐப்பசி மழை. மூன்று நாளாக விடாத மழை. இரவு ஒன்பதரை மணியளவில் நமது பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை, செம்மஞ்சள் நிறம் என்று எனக்குத் தகவல் வந்தது. வந்ததை அப்படியே, அந்த அரசாங்கத் தமிழிலேயே, குழுவில் போட்டேன். போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று படுத்துவிட்டேன். இரவு இரண்டு மணி அளவில் ஐந்தாம் லயத்துப் பின்பக்கத்து மண்மேடு இறங்கிவிட்டது. கடைசி நான்கு காம்பராக்களின் குசினிச் சுவர் வரைக்கும் சேறு. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் முன்பக்கம் படுத்திருந்தார்கள். ஒரு ஆடு செத்தது, அடுப்பும் பாத்திரமும் போனது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

காலையில் நான் அங்கே போனபோது, அந்த நான்கு காம்பராக்களில் ஒருவருக்கும் செய்தி தெரிந்திருக்கவில்லை. ஒரு வீட்டில் டேட்டா முடிந்திருந்தது. ஒரு வீட்டில் மகன் போனோடு நைட் வேலை. ஒரு வீட்டில் பட்டன் போன். கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிற அம்மாயி, நனைந்த சாக்குப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். நான் என்னவோ சமாதானம் சொல்லப் போனேன். "குழுவில போட்டேன் அம்மாயி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு போனும் இல்ல, கண்ணுந் தெரியல. நான் எந்தக் குழுவுல சாமி இருக்கேன்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து இந்த விஷயம் என் மனதில் இருந்துகொண்டே இருக்கிறது. பெரியவர்களே, 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலைநாட்டில் யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னமே எச்சரிக்கப்பட்டிருந்தது. போக வேறு இடம் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது என்பது உண்மை. அது காணியும் வீடும் பற்றிய பெரிய கதை, அதை ஒரு ஞாயிறு பின்னேரத்தில் பேசி முடிக்க முடியாது. ஆனால் ஒரு இரவுக்கு மட்டும் கோயில் மண்டபத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்ப் படுப்பதற்கு நமக்கு இடம் இருக்கிறது. அதற்குச் செய்தி நேரத்துக்கு வந்தால் போதும்.

ஆகவே புதிய குழுவை எப்படி வைப்பது என்று பார்ப்போம்.

முதலாவது, அது சின்னதாக இருக்க வேண்டும். இந்த 48 குடும்பத்துக்கு மட்டும். குடும்பத்துக்கு இரண்டு இலக்கம் வரை சேர்க்கலாம், அதில் ஒன்று பகலில் வீட்டில் இருக்கிற போனாக இருந்தால் நல்லது. கொழும்புத் தம்பிமார் கோபிக்கக் கூடாது. அவர்களுக்கும் பூப்படத்துக்கும் பழைய குழு அப்படியே இருக்கட்டும். அதை நான் மூடச் சொல்லவில்லை. அங்கே சிரியுங்கள், பேசுங்கள், கல்யாணப் படம் போடுங்கள். மனிதருக்கு அதுவும் வேண்டும்.

புதிய குழுவில் எழுதுகிறவர்கள் மூன்று பேர்தான். வட்ஸ்அப்பில் குழுவின் அமைப்புக்குள்ளே போனால், அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று வைக்கிற வசதி இருக்கிறது. அதை வைத்துவிட்டால் மற்றவர்கள் வாசிக்கலாம், கேட்கலாம், எழுத முடியாது. அந்த மூன்று பேரில் ஒருவன் நான். மற்ற இருவர் உங்களிடமிருந்து வரவேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். நான் மாற்றலாகிப் போய்விட்டாலோ, என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டாலோ, குழு அநாதையாகக் கூடாது என்பதற்குத்தான் மூன்று பேர். "எல்லாரும் பேச முடியாத குழு என்ன குழு, இது துரை ஓடர் போடுகிற மாதிரி இருக்கே" என்று போன கிழமை ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். பிரட்டுக்களத்துப் பலகையில் எல்லோரும் வந்து கிறுக்கினால் அடுத்த நாள் அதில் ஒன்றையும் வாசிக்க முடியாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு. கேள்வி இருந்தால் மூன்று பேரில் யாருக்காவது கோல் எடுங்கள், நேரில் வந்து ஏசுங்கள், அதற்குத் தடையில்லை.

அடுத்தது, செய்தியை எழுதுகிற விதம். நான் அன்று போட்ட செய்தியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பிரதேச செயலகப் பிரிவு இன்னது, எச்சரிக்கை மட்டம் இரண்டு, அவதானத்துடன் செயற்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர் என்று இருந்தது. நம்முடைய லயம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் வருகிறது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கையை உயர்த்துங்கள். மூன்று கை. அவதானத்துடன் செயற்படுவது என்றால் எழும்பிப் போவதா, விழித்துக்கொண்டு படுப்பதா? எனக்கே தெரியவில்லை, நான் எப்படி உங்களுக்குச் சொல்ல முடியும்?

இந்த எச்சரிக்கையின் கணக்கை இப்போது ஒழுங்காகப் படித்து வைத்திருக்கிறேன், நீங்களும் கேட்டு வையுங்கள். இதை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டி, இன்னும் பெய்துகொண்டிருந்தால் மஞ்சள். 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள். 150 ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ சிவப்பு. பெரியவர்களுக்கு அங்குலக் கணக்குத்தான் பழக்கம். அது ஏறக்குறைய 3 அங்குலம், 4 அங்குலம், 6 அங்குலம் என்று வரும். மஞ்சள் என்றால் மண்மேட்டையும் பீலித் தண்ணீரையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, கதவு சட்டத்தில் இறுகுவது, இவையெல்லாம் அடையாளங்கள். செம்மஞ்சள் என்றால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து, பிள்ளைக்கு உடுப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கதவோரம் வையுங்கள். சிவப்பு என்றால் பேச்சே இல்லை, வெளியே போக வேண்டும். ஆனால் வெடிப்பைக் கண்ணால் பார்த்த பிறகு, சிவப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். போன் செய்தி நமது மேட்டைப் பார்த்துவிட்டு வருவதில்லை. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். தோட்டத்திலேயே மழை அளக்கிற கருவி இருக்கிறது. மழைக்காலத்தில் காலையில் அளந்த கணக்கைக் குழுவில் போடுவதற்கு நான் கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

இனிமேல் நான் அதே செய்தியை இப்படித்தான் எழுதுவேன்: "இன்று இரவு. மண்சரிவு, செம்மஞ்சள். ஐந்தாம் லயம், ஆறாம் லயம் கீழ்வரிசை ஆட்கள் பையைக் கட்டி வையுங்கள். பிள்ளை, கர்ப்பிணி, வயசானவங்க இருக்கிற வீட்டுக்காரர் இப்பவே கோயில் மண்டபத்துக்குப் போங்க. மண்டபம் திறந்திருக்கு. அடுத்த செய்தி பத்து மணிக்கு." இவ்வளவுதான். என்ன, எந்த லயம், எத்தனை மணி, என்ன செய்ய வேண்டும். இது இலக்கணமாக இருக்கிறதா என்று பள்ளிக்கூட ஐயாமார் பார்க்க வேண்டாம். கிளினிக் செய்தியும் இப்படித்தான், நடமாடும் சேவையும் இப்படித்தான். நடமாடும் சேவை என்றால் என்னென்ன பத்திரம் கொண்டு வர வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். ஒரு போட்டோப் பிரதி இல்லாமல் திரும்பி வந்து, இன்னொரு நாள் பேர் இழந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அஸ்வெசும விண்ணப்பத்துக்கு நாம் பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வருகிற கடதாசியைப் படம் பிடித்து அப்படியே போடுவது செய்தி போடுவது ஆகாது. தமிழில் நான்கு வரி எழுதி, அதன் கீழே படத்தைப் போடலாம்.

எழுதின ஒவ்வொன்றையும் வாயாலும் சொல்லி, குரல் பதிவாகவும் போட வேண்டும். வாசிக்கத் தெரியாத தாய்மாருக்கு மட்டும் இல்லை, கண்ணாடி உடைந்த என்னைப் போன்றவர்களுக்கும் அது உதவும். குரல் பதிவு ஒரு நிமிஷத்துக்கு மேலே போகக் கூடாது. இதை எனக்காகவே சொல்லிக்கொள்கிறேன், சிரிக்க வேண்டாம். முக்கியமான செய்தியை மேலே குத்தி வைக்கிற வசதியும் உண்டு, ஒரு நாளைக்கோ ஏழு நாளைக்கோ முப்பது நாளைக்கோ அது மேலேயே நிற்கும். கிளினிக் திகதியை அப்படி வைத்துவிட்டால் தேடத் தேவையில்லை.

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தக் கூட்டத்தைக் கூட்டியதற்கான காரணம். தயவு செய்து கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

போனில் போட்ட செய்தி அம்மாயிக்கு எப்படிப் போகும்? ஒரு லயத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பகலில் லயத்தில் இருக்கிறவர். மற்றவர் இரவில் இருக்கிறவர், படிக்கிற பிள்ளையாக இருந்தாலும் நல்லது. செய்தி வந்தவுடன் அந்த ஆள் தன்னுடைய லயத்தின் எட்டுக் காம்பராவுக்கும் நடந்து, கதவைத் தட்டி, வாயால் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தவுடன் எனக்கு ஒரு மிஸ் கோல். அதற்குக் காசு போகாது, பட்டன் போனிலும் கொடுக்கலாம். ஆறு லயத்திலிருந்தும் ஆறு மிஸ் கோல் வரும் வரைக்கும் நான் படுக்க மாட்டேன். ஒன்று வராவிட்டால் நானே டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வருவேன். வட்ஸ்அப்பில் செய்தியை அழுத்திப் பிடித்தால் யார் யார் வாசித்தார்கள் என்று காட்டும் என்பதும் உண்மைதான், அதையும் பார்ப்பேன். ஆனால் அந்த நீல அடையாளம் போனில் செய்தியைத் திறந்ததைத்தான் காட்டும், பக்கத்துக் காம்பராவுக்குப் போனதைக் காட்டாது.

இந்த ஆளைத் தெரிவு செய்கிறபோது ஒரு விஷயம். போன் நல்லதாக வைத்திருக்கிறவர் என்று பார்க்க வேண்டாம். எட்டுக் காம்பராவோடும் பேச்சு வார்த்தை இருக்கிறவராகப் பாருங்கள். சண்டைக்காரன் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டேன் என்று நிற்கிறவர் இதற்கு ஆகாது. இதைச் சொல்லும்போது சிலர் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கும் தெரியும்.

தொலைபேசியே வேலை செய்யாவிட்டால்? 2025 ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் என்ன நடந்தது என்று பார்த்தோம். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை மலையாக இறங்கியது. பல இடங்களில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. மகன் கொழும்பிலிருந்து கோல் எடுத்துக்கொண்டே இருக்கிறான், இங்கே தாயின் போன் செத்துக் கிடக்கிறது. அந்த நாட்களில் எந்தக் குழுவும் உதவாது. ஆகவே கோயில் கமிட்டிப் பெரியவர்களோடு பேசியிருக்கிறேன். கோயிலில் தப்பு இருக்கிறது. இரவில் விடாமல் தப்புச் சத்தம் கேட்டால் அது திருவிழா இல்லை, வெளியே வர வேண்டும் என்று எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். நம்முடைய தாத்தாமாரைக் காலையில் மலைக்கு விரட்டிய சத்தம்தான். அதே சத்தத்தை நாம் இப்போது நம்முடைய தேவைக்கு எடுத்துக்கொள்கிறோம். அதோடு, இந்த நிலையத்துச் சுவரிலும் கோயில் வாசலிலும் ஒவ்வொரு கரும்பலகை வைக்கப்படும். குழுவில் போடுகிற செய்தியையே அதில் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிற இரண்டு பிள்ளைகள் ஏற்கனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். பழைய செய்தியை அழிப்பதும் அவர்கள் வேலைதான். முடிந்துபோன கிளினிக் திகதி இரண்டு மாதம் தொங்கினால் பிறகு யாரும் பலகையைப் பார்க்க மாட்டார்கள்.

தாய் தகப்பன்மார் மனதில் இன்னொரு பயம் இருக்கும். குழுவில் சேர்ந்தால் அதில் இருக்கிற எல்லோருக்கும் நம் இலக்கம் தெரியும். பிள்ளைகளின் இலக்கம் தெரியாத ஆட்கள் கைக்குப் போகும். இது உண்மையான பயம், நான் மறுக்கவில்லை. பழைய குழுவில் சேர்ந்த பிறகு ஒரு தங்கைக்கு அறியாத இலக்கத்திலிருந்து இரவிலே கோல் வந்து, அந்தப் பிள்ளை சிம்மையே மாற்ற வேண்டி வந்தது. அதற்காகத்தான் சின்னக் குழு என்றேன், அதற்காகத்தான் சேருகிற லிங்க்கை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. லிங்க் கையில் இருந்தால் எவரும் உள்ளே வரலாம். ஒவ்வொரு இலக்கத்தையும் முகம் பார்த்து நானே சேர்ப்பேன். இளம் பெண்பிள்ளைகளின் இலக்கம் தேவையில்லை, அம்மாவின் இலக்கம் போதும். யாருடைய அடையாள அட்டைப் படமோ, வங்கிப் புத்தகமோ, பிள்ளையின் படமோ குழுவில் வராது. போனுக்கு ஆறு இலக்கக் குறி ஒன்று வந்து, "அதைச் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால், சொந்தத் தம்பி குரல் மாதிரியே இருந்தாலும் சொல்லாதீர்கள். அதைச் சொன்னால் உங்கள் வட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் மாமாவிடமும் மச்சானிடமும் காசு கேட்பான். குழுவில் என் பெயரில் காசு கேட்டு எப்போதாவது செய்தி வந்தால், அது நான் இல்லை என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். எனக்குக் காசு வேண்டுமென்றால் நேரில் வந்து கேட்பேன்.

ரீலோட் செலவு பற்றி ஒரு வார்த்தை. எழுத்துச் செய்தியும் சின்னக் குரல் பதிவும் அதிகம் டேட்டா தின்னாது. தின்பது வீடியோதான். படமும் வீடியோவும் தானாக இறங்குவதை அமைப்பில் நிறுத்தி வைக்கலாம். அதை ஒவ்வொரு போனிலும் செய்து தருகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு போன்களைச் சார்ஜ் போட்டு இங்கே கொண்டு வாருங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களும் வர வேண்டும், அவர்களின் இலக்கமும் லயத்து ஆளின் கையில் இருக்க வேண்டும். போன் இல்லாதவர்கள் எத்தனையாம் காம்பரா என்று மட்டும் சொன்னால் போதும், எழுதிக்கொள்கிறேன். முதல் மழைக்கு முன்னால் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், இரவு எட்டு மணிக்கு ஒரு பரீட்சைச் செய்தி போடுவேன். ஆறு மிஸ் கோல் வர எத்தனை நிமிஷம் எடுக்கிறது என்று பார்ப்போம்.

நான்கு லயங்களுக்கு ஆட்களின் பெயர் வந்துவிட்டது. ஐந்தாம் லயத்துக்குப் பகல் ஆள் இருக்கிறார், இரவு ஆள் இல்லை. ஆறாம் லயத்திலிருந்து இன்னும் ஒருவரும் பெயர் தரவில்லை. தேத்தண்ணி ஊற்றிவிட்டார்கள். குடிக்கப் போகிறதுக்கு முன்னால் ஆறாம் லயத்துக்காரர்கள் மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம் வாருங்கள்.